கான்ட்ராக்டர் வீட்டுத் தளம்

லூர்துசாமி வீட்டுச் சுவர் ஜன்னல் தலைமட்டத்துக்கு எழும்பி, அதோடு நின்றுவிட்டது. பழைய கூரை வீட்டைச் சித்திரையிலேயே பிரித்தாயிற்று. மூங்கிலும் கழியும் அடுப்புக்குப் போயாயிற்று. இப்போது இருப்பது நான்கு சுவர், நடுவே வானம். ஒரு மூலையில் தார்ப்பாய் கட்டி, அதன் கீழே லூர்துசாமி, அவன் பெண்டாட்டி செல்லாயி, மகள் இசைவாணி மூன்று பேரும் குடித்தனம் செய்கிறார்கள். சேத்தியாத்தோப்பிலிருந்து வெள்ளாற்றங்கரையோடு கொஞ்ச தூரம் போனால் வருகிற காலனி அது. போகிற வருகிறவர்கள், "என்னா கான்ட்ராக்டரே, தளம் எப்ப?" என்று கேட்பார்கள். ஆவணி வரைக்கும் கேட்டார்கள். அப்புறம் விட்டுவிட்டார்கள். கேலி செய்தபோதுகூட அவனுக்கு அவ்வளவு வலிக்கவில்லை. கேலி நின்றபோதுதான் வலித்தது.

கான்ட்ராக்டர் என்றதும் கார், கழுத்துச் சங்கிலி என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். லூர்துசாமி கரும்பு வெட்டுகிறவன். கார்த்திகை பிறந்து ஆலை ஓட ஆரம்பித்தால் காலனியில் பாதிச் சனம் கத்தியைத் தீட்டிக்கொண்டு கிளம்பிவிடும். புருஷன் அடிக்கரும்பை வெட்டிச் சாய்க்க, பெண்டாட்டி சோகையை, அதாவது கரும்பின் தோகையை, கழித்துக் கட்டுக் கட்டுவாள். இரண்டு பேரும் சேர்ந்தால்தான் கணக்கில் 'ஒரு கத்தி'. தனி ஆளுக்குக் கணக்கே கிடையாது. பெண்டாட்டி செத்துப்போன பொன்னுரங்கம், தன் அக்காளைச் சேர்த்துக்கொண்டுதான் ஒரு கத்தி ஆனான். விடியும் முன்னே வயலில் இறங்கினால் சோகையில் நிற்கிற பனி இடுப்பு வரைக்கும் நனைத்துவிடும். வெயில் ஏறியதும் அதே சோகை முழங்கையைக் கீறும். கீறின இடத்தில் வேர்வை பட்டால் எரிகிற எரிச்சலை எழுதிக் காட்ட முடியாது. தூக்குவாளியில் கொண்டுபோன பழைய சோற்றையும் சுட்ட கருவாட்டையும் வரப்பிலேயே உட்கார்ந்து தின்றுவிட்டு, மறுபடியும் குனிந்தால் லாரி வரும்வரை நிமிர முடியாது. லாரி வந்தால் பலகை போட்டுத் தலைச்சுமையாக ஏற்ற வேண்டும். இப்படிப் பதினெட்டு கத்திக்கு லூர்துசாமி மேஸ்திரி. மேஸ்திரி என்பதற்காக அவன் நிழலில் நிற்பதில்லை. அவனும் செல்லாயியும் ஒரு கத்தி. டன்னுக்கு இத்தனை என்று கொஞ்சம் கமிஷன் உண்டு, அவ்வளவுதான்.

முன்பெல்லாம் ஆலை ஆள் மோட்டார் சைக்கிளில் வந்து கூலியை ரொக்கமாக மேஸ்திரி கையில் கொடுத்துவிட்டுப் போவார். பிறகு, இசைவாணி ஏழாவது படித்த வருஷம், இனிமேல் எல்லாம் பேங்க் வழியாகத்தான் என்றார்கள். "எவன்கிட்ட பான் கார்டு இருக்கு? கார்டு இல்லாட்டி நூத்துக்கு இருவது ரூவா வரி புடிச்சிடுவோம். இருந்தா ஒரு ரூவாதான்" என்றார் ஆலையிலிருந்து வந்தவர். மொபெட் லோனுக்காக எப்போதோ சேத்தியாத்தோப்பு ஆன்லைன் கடையில் எடுத்த கார்டு லூர்துசாமியிடம் ஒன்று இருந்தது. வேறு யாரிடமும் இல்லை. "நம்ப லூர்து பேருலயே போட்டுக்குங்க சார்" என்று மொத்தச் சனமும் சொன்னது. அவன் பெண்டாட்டியின் தம்பி அன்பரசுதான் அன்றைக்கு எல்லாரையும்விடச் சத்தமாகச் சொன்னவன். ஆலைக் காகிதத்தில் 'ஒப்பந்ததாரர்' என்ற இடத்துக்கு நேரே லூர்துசாமி கையெழுத்துப் போட்டான். தொழிலாளி என்று போட வேறு இடம் அந்தக் காகிதத்தில் இல்லை.

வாராவாரம் வெள்ளிக்கிழமை பேங்கில் பணம் எடுப்பான். ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயிலில் பூசை முடிந்ததும் மதகடிப் புங்கமரத்தடியில் கூலி பிரித்துக் கொடுப்பான். அதில் ஒரு மரியாதை இருந்தது. கொடுக்கிறவன் கையெழுத்துக் கேட்கக் கூடாது. வாங்குகிறவன் எதிரிலேயே எண்ணிப் பார்க்கக் கூடாது. எல்லாரும் மாமன் மச்சான், பங்காளி. அத்தை மகனிடம் போய்க் கூலிக்குக் கையெழுத்து வாங்கினால் அவனைத் திருடன் என்று சொன்ன மாதிரி. வாங்கிக்கொண்டு, மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டு, "வரேன் மாமா" என்று போய்விடுவார்கள். இத்தனை வருஷத்தில் ஒரு சண்டை வந்ததில்லை. தேன் எடுத்தவன் புறங்கையை நக்குவான் என்பார்கள். லூர்துசாமி அதைக்கூட நக்கினதில்லை.

அவன் செய்த ஒரே ஆடம்பரம், இசைவாணிக்கு மஞ்சள் தண்ணி ஊற்றியபோது வைத்த பேனர். மாதா படத்துக்குக் கீழே கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு அவன் நிற்க, பக்கத்தில் 'கான்ட்ராக்டர் லூர்துசாமி இல்ல விழா' என்று கொட்டை எழுத்து. பார்த்துவிட்டுக் காலனியே சிரித்தது. அவனும் சிரித்தான். ஆனால் உள்ளுக்குள் அந்த எழுத்து அவனுக்குப் பிடித்திருந்தது. எத்தனையோ தலைமுறை எவன் எவன் வயலிலோ குனிந்துவிட்டு, கடைசியில் ஒரு பேருக்கு முன்னால் ஒரு சொல் வந்திருக்கிறதே என்ற சந்தோஷம். அதில் என்ன தப்பு?

அரசு வீட்டுத் திட்டத்தில் அவன் பெயர் வந்தது. அஸ்திவாரத்துக்கு ஒரு தவணை, சுவருக்கு ஒரு தவணை ஒழுங்காக வந்தது. தளத்துக்கான தவணை ஆடிக் கடைசியில் கணக்கில் ஏறியதாக போனில் மெசேஜ் வந்தது. சென்ட்ரிங் பலகை அடிக்கிற ஆளுக்கு அன்றைக்கே சொல்லிவிட்டு, லூர்துசாமி பேங்குக்குப் போனான்.

"எடுக்க முடியாதுங்க. அக்கவுண்ட் லாக் ஆயிருக்கு" என்றாள் கவுண்டரில் இருந்த பெண்.

"வாரா வாரம் வந்து எடுக்குறவன்மா நானு. லூர்துசாமி."

"தெரியுதுங்க. இன்கம் டாக்ஸ்லேருந்து நிறுத்தச் சொல்லி ஆர்டர். உங்க பேர்ல வரி பாக்கி இருக்காம்."

"வரியா? ஊட்டு வரி கட்டிட்டனே. ரசீது இருக்குது."

பின்னால் வரிசையில் நின்ற யாரோ சிரித்தார்கள். அந்தப் பெண் சிரிக்கவில்லை. ஒரு சீட்டில் தொகையை எழுதி, மடித்து, மற்றவர்கள் பார்க்காமல் அவன் கையில் கொடுத்தாள். அவன் அதைப் பிரித்துப் பார்த்துவிட்டு போன் நம்பர் என்று நினைத்துக்கொண்டான்.

இசைவாணி சிதம்பரத்தில் ஒரு கல்லூரியில் பி.காம் படித்து முடித்தவள். வருமான வரி அவளுக்கு ஒரு பாடம். பாஸும் செய்திருந்தாள். ஆனால் அந்தப் புத்தகத்தில் வந்தவர்கள் எல்லாம் மாதச் சம்பளமும் வாடகை வருமானமும் உள்ள ஆட்கள். சோகைக் கீறலோடு வீட்டுக்கு வருகிற அப்பாவும் அந்தப் பாடத்துக்குள் இருக்கிறார் என்று அவளுக்கு ஒருநாளும் தோன்றவில்லை. அந்தச் சீட்டைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்துப்போனதைக் கண்டுதான் லூர்துசாமிக்கு முதல் பயம் வந்தது. மறுநாளே அப்பனும் மகளும் சிதம்பரம் கீழவீதியில் மாடியில் இருந்த ஆடிட்டர் சக்கரபாணியைப் போய்ப் பார்த்தார்கள்.

சக்கரபாணி நல்ல மனுஷன். கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்துவிட்டு, மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"நாலு வருஷமா நோட்டீஸ் அனுப்பியிருக்காங்கப்பா. ஒண்ணுக்குக்கூடப் பதில் போடலையே?"

"எங்க ஊட்டுக்கு ஒண்ணும் வர்லங்க. போஸ்ட்மேன் நம்ப பயதாங்க."

"தபால்ல வராது. மெயில்ல வரும். இந்த மெயில் யாரோடது?"

இசைவாணி எட்டிப் பார்த்தாள். "இது ஆன்லைன் கடைக்காரரோடது சார். கார்டு எடுக்கறப்போ அவருதான் போட்டாரு. கடைய மூடிட்டு அவரு திருப்பூரு போயி ரொம்ப நாளாச்சு."

"சரிதான்." சக்கரபாணி பெருமூச்சு விட்டார். "அவங்க கணக்குல எடுத்த நாலு வருஷத்துல மட்டும் ஆலையிலேருந்து உன் கணக்குக்கு ஒரு கோடிக்கு மேல வந்திருக்கு. நீ கணக்குக் காட்டல. அதனால அத்தனையும் உன் வருமானம்னு எடுத்துக்கிட்டாங்க. அதுக்கு வரி, வட்டி, அபராதம்."

"கோடியா?" லூர்துசாமி மகளைப் பார்த்தான். "ஐயா, அது கூலிங்க. பதினெட்டு கத்தியோட கூலி. வெள்ளிக்கெழம எடுத்தா ஞாயித்துக்கெழம பூடும். எங்கிட்ட ரெண்டு ராத்திரி தங்குனதோட சரி."

"எனக்குத் தெரியுதுப்பா. பேப்பருக்குத் தெரியணுமே."

"இப்ப நான் என்னா பண்ணியிருக்கணும் சாமி?"

"வருஷா வருஷம் ஒரு ரிட்டர்ன் போட்டிருக்கணும். இவ்வளவு வந்துது, இவ்வளவு கூலி குடுத்தேன், என் கமிஷன் இவ்வளவுன்னு. போட்டிருந்தா நீ ஒத்தப் பைசா வரி கட்ட வேண்டியதில்லை. ஆலைக்காரன் புடிச்சானே நூத்துக்கு ஒரு ரூபாய், அதுகூட உனக்குத் திரும்பி வந்திருக்கும்."

லூர்துசாமி அந்தக் கடைசி வார்த்தையை மட்டும் மகளிடம் இன்னொரு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டான். கட்ட வேண்டியதில்லாத வரிக்காக வீடு நிற்கிறது. இதை எந்தச் சாமியிடம் போய் முறையிடுவது?

சக்கரபாணி வழி ஒன்றும் சொன்னார். கூலி வாங்கினவர்கள் ஒவ்வொருவரும், இன்ன வருஷம் இவ்வளவு வாங்கினேன் என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, ஆதார் நகல் வைத்துத் தரட்டும். அதை வைத்து அப்பீல் போட்டு, கடலூர் ஆபீசில் மனுக் கொடுத்தால் கணக்கைத் திறந்துவிடச் சொல்லிப் பார்க்கலாம் என்றார். "புரட்டாசி முடியறதுக்குள்ள வேணும். அதுக்கு மேல போனா பேங்க்ல கெடக்கறத எடுத்துக்குவாங்க. வீட்டுப் பணம்னெல்லாம் பார்க்க மாட்டாங்க" என்றார்.

கடலூர் ஆபீசுக்கும் போனார்கள். அங்கே இருந்த அதிகாரி உட்காரச் சொன்னார். தண்ணீர் கொடுத்தார். "உங்க கேஸைப் பார்க்கறவர் யாரு, எந்த ஊருன்னு எனக்கே தெரியாதுங்க. இப்ப அப்படித்தான் சிஸ்டம். நான் இங்கேருந்து எழுதலாம். எழுத எனக்குக் கையில ஏதாவது ஆதாரம் வேணும்" என்றார். கோபப்படுகிற மாதிரி ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தாலாவது திரும்பக் கத்தியிருக்கலாம் என்று பஸ்ஸில் வரும்போது லூர்துசாமி நினைத்துக்கொண்டான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயில் வாசலில் எல்லாரையும் கூப்பிட்டு உட்கார வைத்தான். அப்பா சொன்ன கணக்கை வைத்து இசைவாணி ஒவ்வொரு கத்திக்கும் தனித்தனியாகக் கணினியில் அடித்துக் கொண்டுவந்திருந்தாள். கையெழுத்தும் ஆதார் நகலும்தான் பாக்கி. சுலபமாக முடிந்துவிடும் என்றுதான் செல்லாயி பெரிய குண்டானில் டீ போட்டு வைத்திருந்தாள்.

டீயைக் குடித்தார்கள். பேனாவை யாரும் தொடவில்லை.

"மாமா, நீங்க எங்களுக்குக் கூலி குடுக்கலன்னு யார்னா சொன்னாங்களா?" என்று அன்பரசு ஆரம்பித்தான்.

"சொல்லல மச்சான். குடுத்தாருன்னு எழுதிக் குடுங்கன்னுதான் கேக்குறேன்."

"ஆபீசர நேர்ல வரச் சொல்லுங்க. நூறு பேர் முன்னாடி சொல்றோம். மாதா மேல சத்தியம் பண்றோம். பேப்பரு எதுக்கு?"

"அவரு வரமாட்டாருடா. அவரு எங்க இருக்காருன்னு கடலூருல இருக்கறவருக்கே தெரியல."

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அன்பரசின் பெண்டாட்டி காயத்ரி முந்தானையைத் திருகிக்கொண்டே எழுந்தாள்.

"அண்ணா, தப்பா நெனைச்சிக்காதீங்க. மாசம் பொறந்தா எனக்கு அந்த மகளிர் உரிமைப் பணம் ஆயிரம் ரூவா வருது. வருசத்துக்கு இவ்ளோ கூலி வாங்குனோம்னு நாங்களே எழுதிக் குடுத்து, கவர்மெண்டு அத நிறுத்திப்புட்டா? ஊடு கேட்டு நாங்களும் எழுதிப் போட்டுருக்கோம். அதுவும் பூடும்."

"ஆயிரம் ரூவா" என்று செல்லாயி சொன்னாள். 

"நான் போடுவேன் லூர்து" என்றான் பொன்னுரங்கம். "ஆனா நூறு நாள் வேலையில அதே நாளு என் பேருக்கு நேரா கையெழுத்து கெடக்குது. ஒரே நாளு ரெண்டு எடத்துல எப்படிடா நின்னன்னு கேட்டா நான் என்னா சொல்றது? என்னை மட்டுமா? இங்க இருக்குற பாதிப் பேரைப் புடிப்பான்."

பொய் இல்லை. அட்டையை வைத்துக்கொண்டு அங்கே பதிவு, இங்கே வெட்டு. அப்படித்தான் இரண்டு வேளைச் சோறு ஓடுகிறது. லூர்துசாமிக்கு அது தெரியும். 

கலியமூர்த்தி அதுவரை மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தார். கத்திக்காரர்களில் மூத்தவர். "எங்கப்பன் ஒரே ஒரு கைநாட்டுதான் வெச்சான்" என்றார். "ரெட்டியாரு, வெதைநெல்லு வாங்குனதுக்குத்தான்டா, வையிடான்னாரு. ஒன்றரைக் காணி போச்சு. நீ நல்லவன் லூர்து. அந்தப் பேப்பரு நல்லதான்னு எனக்குத் தெரியாதே."

"படிச்சிக் காட்டுறேன் தாத்தா" என்றாள் இசைவாணி.

"எங்கப்பனுக்கும் படிச்சித்தாம்மா காட்டுனாங்க."

அப்புறம் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. யார் என்று இன்றுவரை யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. "கோடி ரூவா வந்துதுன்னு பேங்க்ல சொல்றாங்களாம். நம்ப கைக்கு வந்தது அவ்ளோவா இருக்கும்?"

 யாருமே ஆளுக்கு எவ்வளவு வாங்கினோம் என்று எண்ணி வைத்தவர்கள் இல்லை. எதிரில் எண்ணாதது மரியாதை; வீட்டுக்குப் போய் எண்ணுமுன் கடைக்காரனும் சாராயமும் பிள்ளையும் பிடுங்கிக்கொள்ளும். அதனால் இல்லை என்று அடித்துச் சொல்லவும் ஆள் இல்லை. லூர்துசாமி அன்பரசைப் பார்த்தான். அவனாவது ஒரு வார்த்தை சொல்வான் என்று பார்த்தான்.

"என்னை எதுக்கு மாமா பாக்குறீங்க? கான்ட்ராக்டர்னு பேனரு நீங்கதானே வெச்சீங்க. நாங்களா வெச்சோம்?" என்றான் அன்பரசு.

செல்லாயி டீக் குண்டானை எட்டி உதைத்தாள். "எந்திரிச்சிப் போங்கடா! அவுரு பேருல போடுங்கன்னு கத்துன வாய்தானடா இது? மழையில என் புள்ள எங்கடா படுக்கும்? நீயெல்லாம் எங்கூடப் பொறந்தவனா?"

எழுந்து போனார்கள். போகும்போது ஒவ்வொருவரும் லூர்துசாமியின் முகத்தைப் பார்க்காமல், "பாக்கலாம்பா", "யோசிச்சி சொல்றோம்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். கடைசியில் செல்லாயி மட்டும் தன் பெயருக்கு எதிரே கோணல் மாணலாக எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அந்த ஒரு காகிதத்தை இசைவாணி சிதம்பரத்துக்கு எடுத்துப்போனாள். சக்கரபாணி அதைப் படித்துவிட்டு, "பெண்டாட்டிக்குக் கூலி குடுத்தேன்னா கேட்க மாட்டாங்கம்மா" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

புரட்டாசி போயிற்று. தளத்துப் பணமும் போயிற்று. எடுத்துக்கொண்டார்கள் என்று ஒரு மெசேஜ் வந்தது; எடுக்கப்போகிறோம் என்று யாரும் சொல்லவில்லை. வீட்டுத் திட்டத்து ஆள் வந்து போட்டோ எடுத்தார். "பங்குனிக்குள்ள தளம் போட்டாத்தான் கடைசித் தவணை. இல்லன்னா பேரை அடிச்சிருவாங்க" என்றார். பணம் இப்படிப் போனதைச் சொன்னபோது, "அது டாக்ஸ்காரங்க சமாச்சாரம். எங்க கணக்குல உங்களுக்குக் குடுத்தாச்சு" என்றார். அவர் கணக்கும் சரிதான். எல்லார் கணக்கும் சரியாகத்தான் இருந்தது. வீடுதான் இல்லை.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. கூரை வீட்டில் மழை சுற்றி விழும். இங்கே சுவருக்குள் விழுந்த தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் குட்டையாக நின்றது. வாசப்படியைக் கொத்தித்தான் வடிய விட்டார்கள். ரேஷன் அரிசி மூட்டையை இசைவாணி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நனைந்த விறகு புகைந்ததே தவிர எரியவில்லை. பக்கத்து வீடுகளில் கூப்பிட்டார்கள். காயத்ரிகூட வந்து, "அண்ணி, இசையையாவது அனுப்புங்க" என்று வாசலில் நின்றாள். செல்லாயி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். இசைவாணி பரங்கிப்பேட்டையில் ஒரு மீன் கம்பெனியில் கணக்கு எழுதுகிற வேலைக்குப் போய் அங்கேயே தோழியோடு தங்கிக்கொண்டாள். அரசுத் தேர்வுக்குப் பணம் கட்டிப் படிக்க வேண்டும் என்றிருந்தவள். 

கார்த்திகையில் ஆலை ஓட ஆரம்பித்தது. லூர்துசாமியின் கணக்கில் பணம் போட்டால் அது காலனிக்கு வராது என்று எல்லாருக்கும் தெரிந்துபோனது. புதுப் பெயர் வேண்டும் என்றார் ஆலைக்காரர். அன்பரசு புதிதாக பான் கார்டு எடுத்திருந்தான். காகிதத்தில் அவன் கையெழுத்துப் போட்டான். கமிஷன் அவனுக்கு. லூர்துசாமி கத்தியைத் தீட்டினான்.

"அவங்கிட்டயா கூலிக்குப் போவ?" என்று கேட்டாள் செல்லாயி.

"வேற எங்க போவட்டும்? கம்மாபுரம் பக்கம் போனா நம்பள யாரு கூப்புடுவா? கூலிய பேங்குல போட்டா புடிச்சிக்குவான். கையில வாங்குனா கஞ்சி."

ஒரு கத்தி ஆவதற்கு அவளும் வேண்டும். அவளும் வந்தாள். முதல் வாரம் கரும்பில் தண்ணீர் நின்றது. சேற்றில் கால் புதைய வெட்டினார்கள். அன்பரசு இரண்டு தடவை, "அக்கா, நீ கரையில கட்டுக் கட்டு, எறங்காத" என்று சொல்லிப் பார்த்தான். காது கேளாதவள் போல அவள் இறங்கிச் சோகை கழித்தாள். லூர்துசாமியிடம் மட்டும் அவன் கண்ணைப் பார்த்துப் பேசாமல், கரும்பைப் பார்த்துப் பேசினான்.

ஞாயிற்றுக்கிழமை புங்கமரத்தடியில் கூடினார்கள். மேகம் இறங்கியிருந்தது. அன்பரசு பணப்பையைத் திறக்குமுன் ஒரு நீள நோட்டை எடுத்துத் தொடைமேல் வைத்தான். பேனா மூடியைக் கழற்றினான்.

"என்னாடா இது?" என்றார் கலியமூர்த்தி.

"கையெழுத்து. வாங்குறவுங்க பேருக்கு நேரா போட்டுடுங்க. ஆதார் நம்பரும் வேணும். சக்கரபாணி சாரைப் போய்ப் பார்த்தேன். மொத நாள்லேருந்து வாங்கிடுன்னாரு."

"அப்போ எங்கள நம்பல?"

"அப்படி இல்ல பெரியப்பா..."

"ஆயிரம் ரூவா நின்னுபூடும்னு ஒம் பொண்டாட்டி சொன்னாளே, இப்ப நிக்காதா?" என்றது ஒரு பெண் குரல்.

 காயத்ரி தலையைக் குனிந்துகொண்டாள். பொன்னுரங்கம் இரண்டு அடி பின்னால் போய் நின்றான். ஒருத்தரும் முன்னால் வரவில்லை. கடைசியில் கலியமூர்த்தி சொன்னார்: "லூர்து போடட்டும். அவன் போட்டா நாங்க போடுறோம். அவன் போடலன்னா எவனும் போட வேணாம்."

எல்லாக் கண்ணும் அவன்மேல் விழுந்தது. செல்லாயி பக்கத்திலேயே நின்றாள். குரலைத் தாழ்த்தவில்லை, எல்லாருக்கும் கேட்கும்படியே சொன்னாள்: "போடாத இசை அப்பா. அவனும் நனையட்டும். சுவத்துக்குள்ள தண்ணி நின்னா எப்படி இருக்கும்னு அவனும் பாக்கட்டும்."

லூர்துசாமிக்கு ஆசையாக இருந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. சும்மா கையைக் கட்டிக்கொண்டு நின்றால் போதும். நாலு வருஷமோ ஐந்து வருஷமோ கழித்து இவனும் ஒருநாள் பேங்க் கவுண்டரில் ஒரு சீட்டை வாங்கி, போன் நம்பர் என்று நினைத்துக்கொள்வான். அன்றைக்கு லூர்துசாமி டீ குடித்துவிட்டு, "யோசிச்சி சொல்றோம் மச்சான்" என்று எழுந்து போகலாம். அன்பரசு நிமிர்ந்து அவனைப் பார்த்தான். வாரம் முழுக்கப் பார்க்காதவன் இப்போதுதான் பார்த்தான். கண் கலங்கியிருந்தது.

"மாமா, தப்பு பண்ணிட்டேன் மாமா" என்றான்.

லூர்துசாமி நோட்டுக்கு முன்னால் வந்தான். குந்தி உட்கார்ந்தான். சோகை கீறிய விரலில் பேனா சரியாக நிற்கவில்லை. முதல் வரியில் தன் பெயரை முழுசாக எழுதினான். ஆதார் நம்பர் தெரியாமல் செல்லாயியைப் பார்த்தான். அவள் மதகுப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள். அட்டையை அப்புறம் கொண்டுவந்து தருகிறேன் என்று சொல்லிவிட்டு, கூலியை வாங்கி எண்ணாமல் இடுப்பில் சொருகிக்கொண்டு எழுந்தான். பின்னால் கலியமூர்த்தி கட்டைவிரலை நீட்டி மை கேட்பது காதில் விழுந்தது. அதற்குப் பிறகு வரிசையாக எல்லாரும் போட்டார்கள்.

பாதி வழியிலேயே மழை பிடித்துக்கொண்டது. செல்லாயி முன்னால் விறுவிறுவென்று நடந்தாள். தார்ப்பாய்க்குக் கீழே வந்து ஈரப் புடவையோடு உட்கார்ந்து, அடுப்பை மூட்டிப் பார்த்தாள். பிடிக்கவில்லை. தீப்பெட்டியைத் தூக்கி எறிந்தாள்.

"இந்தக் கை அத்தனையும் அன்னிக்கிப் பேனாவைப் புடிச்சிருந்தா இந்நேரம் நாம தளத்துக்குக் கீழ குந்தியிருப்போம்" என்றாள். "எப்படிப் போட்ட நீ? எப்படிய்யா மனசு வந்துச்சி?"

"அன்பரசும் ஊட்டுக்கு எழுதிப் போட்டுருக்கான் இல்ல. கூரையப் பிரிச்சிடுவான் அவன், அவசரக்காரன்" என்றான் லூர்துசாமி. "அவன் ஊட்டுக்காவது தளம் போடட்டும்."

"நமக்கு?"

 அவள் கேட்டுவிட்டு, முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள்.  லூர்துசாமி கம்பை எடுத்து, தார்ப்பாயில் தொப்பையாகத் தேங்கியிருந்த தண்ணீரைக் கீழிருந்து முட்டித் தள்ளினான். தள்ளத் தள்ள அது நிறைந்துகொண்டே இருந்தது.